நடுவர் முதலில் கோட்டுக்கு வெளியேதான் நின்றார்

பழைய கோல்போஸ்ட்:

வார இறுதிக் கால்பந்து ஆட்டங்கள் முடிந்ததும் இங்கே ஒரே புலம்பல். வி.ஏ.ஆர்., அதாவது அறையில் உட்கார்ந்து திரையில் ஆட்டத்தைப் பார்த்து நடுவருக்குச் சொல்லும் வீடியோ நடுவர் முறை, வந்து நடுவரின் அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டதாம். அந்தக் காலத்தில் நடுவர் சொன்னால் சொன்னதுதானாம். எந்தக் காலத்தில் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். கால்பந்து தொடங்கிய காலத்தில் நடுவர் என்று ஒருவரே கிடையாது.

1863 டிசம்பரில் லண்டனில் கால்பந்து சங்கம் (எஃப்.ஏ.) முடிவுசெய்த முதல் விதித் தொகுப்பில் மொத்தம் 13 விதிகள். கடைசி விதி காலணியைப் பற்றியது: அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ஆணியோ இரும்புத் தகடோ இருக்கக் கூடாது. சரி, இருந்தால் யார் கண்டுபிடிப்பது, யார் அவரை வெளியே அனுப்புவது? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தகராறு வந்தால் இரண்டு அணித் தலைவர்களும் கனவான்களைப் போலப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

பேசித் தீரவில்லை. அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் வந்தார்கள். அவரவர் அழைத்து வந்த ஆள் அவரவர் பக்கம்தான் பேசுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இருவருக்கும் ஒத்துவராதபோது கேட்பதற்காக மூன்றாவதாக ஒருவரை வைத்தார்கள். அவர்தான் ரெஃப்ரி. 1872 மார்ச்சில் கென்னிங்டன் ஓவலில் நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு அம்பயர்களோடு ஆல்ஃப்ரெட் ஸ்டேர் என்ற ரெஃப்ரியும் இருந்தார். அந்த நாளைய ரெஃப்ரி நின்றது கோட்டுக்கு வெளியே. நேரம் பார்ப்பார், அம்பயர்கள் திரும்பிப் பார்த்தால் தீர்ப்புச் சொல்வார். ஆட்டக்காரர்கள் முறையிட்டால்தான் எதுவுமே நடக்கும். கிரிக்கெட்டில் அவுட் கேட்கிறார்களே, அந்த முறை.

1891இல்தான் ரெஃப்ரி கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். அம்பயர்கள் இருவரும் ஓரத்துக்குப் போய்க் கொடி பிடித்தார்கள். முறையிடாமலேயே விசில் ஊதும் முழு அதிகாரம் அவருக்குக் கிடைக்க இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன.

வெளியே இருந்துகொண்டு இறுதித் தீர்ப்புச் சொல்லும் ஆள் என்பது நேற்று முளைத்த விஷயம் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். அந்த வேலையே அப்படித்தான் பிறந்தது.

சென்டர் ஹாஃப்:

நல்ல தொடக்கம் ஐயா. ஒரு சந்தேகம். நடுவர் உள்ளே வந்ததும் பெனால்டி கிக் வந்ததும் ஒரே ஆண்டு என்று படித்த நினைவு. தற்செயலா?

பழைய கோல்போஸ்ட்:

தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். இரண்டும் ஒரே அவநம்பிக்கையிலிருந்து வந்தவை.

கோல்கீப்பர் ஒருவரை மட்டும் எதிரே வைத்து அடிக்கும் அந்தப் பெனால்டியைக் கேட்டவர் அயர்லாந்தின் அர்மா மாவட்டத்தில் மில்ஃபோர்டு என்ற சிற்றூரைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம். லினன் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. உள்ளூர் அணியின் கோல்கீப்பர். தாக்க வருகிறவனுக்கு உதவும் விதியை ஒரு கோல்கீப்பர் கேட்டார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. கோல் விழப்போகிறது என்று தெரிந்தால் தடுப்பாட்டக்காரர்கள் காலை வாரிவிடுவதையும், கையால் தட்டிவிடுவதையும் மிக அருகிலிருந்து தினமும் பார்த்தவர் அவர்தானே.

பெரிய மனிதர்களுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. "வேண்டுமென்றே தப்பாட்டம் ஆடுகிறவன் எங்களில் உண்டா?" என்பது அவர்கள் வாதம். 1891 பிப்ரவரியில் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதி. நாட்ஸ் கவுன்டி ஒரு கோல் முன்னிலை. ஸ்டோக் அடித்த பந்து கோல் கோட்டைத் தாண்டப் போகும் நேரத்தில் கவுன்டி வீரர் ஒருவர் கையால் நிறுத்தினார். தண்டனை வெறும் ஃப்ரீ கிக். கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்த பந்தின் மேல் கோல்கீப்பர் அப்படியே கவிந்துகொண்டார். ஸ்டோக் தோற்றது. கண் முன்னால் நடந்த பிறகு கனவான் வாதம் எடுபடவில்லை. அதே ஆண்டு ஜூன் 2ஆம் தேதி கிளாஸ்கோவில் கூடிய ஐ.எஃப்.ஏ.பி., அதாவது ஆட்டவிதிகளை முடிவுசெய்யும் குழு, பெனால்டியை ஏற்றுக்கொண்டது.

அந்தக் குழுவைப் பற்றியும் ஒரு வரி. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு சங்கங்கள் 1886இல் அமைத்தது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 1913இல்தான் உள்ளே வந்தது. இன்றும் பிரிட்டனின் நான்கு சங்கங்களுக்கு ஆளுக்கொரு வாக்கு, ஃபிஃபாவுக்கு நான்கு வாக்கு; விதி மாற ஆறு வேண்டும். உலகமே ஆடுகிற ஆட்டத்தின் சட்டசபையில் வேல்ஸுக்கு நிரந்தர இடம். பிரேசில் வேண்டுமானால் வாசலில் நின்று பார்க்கலாம்!

வடமராட்சியான்:

வரலாறு சரி. முடிவை நான் ஏற்கவில்லை. மத்தியஸ்தர் மைதானத்துக்குள் வந்த பிறகுதான் உதைபந்தாட்டம் உதைபந்தாட்டமானது. தனி மனிதர் ஒருவர், எதிரே பல்லாயிரம் பேர், கையில் ஒரு விசில். அந்தத் துணிச்சலுக்குத்தான் மரியாதை.

1930 உலகக்கிண்ண இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொன்டெவிடியோ நகரம். உருகுவே, ஆர்ஜென்டீனா. மத்தியஸ்தர் பெல்ஜியம்காரர் ஜான் லாஞ்ஜெனஸ். படத்தைத் தேடிப் பாருங்கள்: கோட், கழுத்துப் பட்டி, முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிய தொளதொளக் காற்சட்டை. ஆட்டம் முடிந்ததும் பத்திரமாகக் கப்பல் ஏறுவதற்கு உத்தரவாதம் கிடைத்த பிறகே பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பிறகு பந்துச் சண்டை. இரு அணியும் தங்கள் பந்தில்தான் ஆடுவோம் என்று நின்றன. முதல் பாதி ஆர்ஜென்டீனா பந்து, இரண்டாம் பாதி உருகுவே பந்து என்று தீர்த்தார். முதல் பாதியில் ஆர்ஜென்டீனா 2-1. இறுதியில் உருகுவே 4-2.

இந்த ஆளுக்குக் காதில் இயர்போனும் பக்கத்தில் ஒரு திரையும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் சொல்லுங்கள்?

எட்டாம் நம்பர்:

பந்துக்கும் திரையில் ரீப்ளே போட்டுப் பார்த்திருப்பார்கள்.

அதே 1930இல் ஆர்ஜென்டீனா–பிரான்ஸ் ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். பிரான்ஸ் ஒரு கோல் பின்னால். லாஞ்ஜியே கோலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறார். பிரேசில் நடுவர் அல்மெய்டா ரெகோ ஆறு நிமிடம் முன்னதாகவே ஆட்டம் முடிந்தது என்று விசில் ஊதிவிட்டார். கூட்டம் உள்ளே புகுந்தது. பிறகு கடிகாரத்தைச் சரிபார்த்து, எல்லோரையும் திரும்ப அழைத்து, மிச்ச நேரத்தை ஆடவைத்தார்கள். அண்ணா சொல்லும் துணிச்சல் காலத்தின் லட்சணம் இதுவும்தான்.

மாவட்ட விசில்:

நான் நடுவராக இருக்கிறவன். மாவட்ட அளவில், பள்ளி மைதானங்களிலும் கடற்கரை ஊர்ப் போட்டிகளிலும். இரண்டு பெரியவர்களும் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணிச்சலும் வேண்டாம், திரையும் வேண்டாம். நடுவரின் வேலையில் பாதி, தான் என்ன முடிவெடுத்தோம் என்பதைப் பிறருக்குப் புரியவைப்பது. அதற்கு ஒரு வழி வர 1970 வரை ஆனது.

1962 உலகக்கோப்பை, சிலியில் சான்டியாகோ ஆட்டம். சிலி, இத்தாலி. நடுவர் கென் ஆஸ்டன். இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர். எட்டாவது நிமிடத்திலேயே இத்தாலியின் ஃபெரினியை வெளியே போகச் சொன்னார். அவர் போகவில்லை. கடைசியில் போலீஸ் வந்து இழுத்துப் போனது. பிறகு இன்னோர் இத்தாலிக்காரரும் வெளியேற்றப்பட்டார். மூக்குடைக்கும் குத்துகள் விழுந்த அந்த ஆட்டத்தில் ஆஸ்டனுக்கு இருந்த ஒரே ஆயுதம், நீட்டிய கை.

நான்கு ஆண்டு கழித்து வெம்ப்ளியில் இங்கிலாந்து–ஆர்ஜென்டீனா காலிறுதி. ஜெர்மனியின் ருடால்ஃப் கிரைட்லைன் நடுவர். ஆர்ஜென்டீனா தலைவர் ரத்தினை வெளியேற்றினார். இவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு ஜெர்மன் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ரத்தின் நகர மறுத்தார். அப்போது உலகக்கோப்பை நடுவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்த அதே ஆஸ்டன்தான் உள்ளே போய்ச் சமாதானம் பேசினார். இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்கள் இருவரையும் நடுவர் எச்சரித்துப் பெயர் எழுதிக்கொண்டார் என்பது அவர்களுக்கே மறுநாள் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது!

ஆஸ்டன் காரில் வீட்டுக்குப் போகும்போது கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் சிக்னல் மஞ்சளாகி, சிவப்பாக மாறியது. மீதி உங்களுக்குத் தெரியும். மெக்சிகோ 1970இல் எச்சரிக்க மஞ்சள், வெளியேற்றச் சிவப்பு என்று அட்டைகள் வந்தன. அந்தத் தொடரில் சிவப்பு ஒன்றுகூட வெளியே எடுக்கப்படவில்லை. உலகக்கோப்பையில் முதல் சிவப்பு 1974இல் சிலியின் கார்லோஸ் காசேலிக்கு. காட்டியவர் துருக்கியின் டோகன் பபஜான்.

இந்த அட்டைகளைப் பார்த்து "நடுவரின் அதிகாரம் போய்விட்டது, வாயால் சொன்னால் போதாதா" என்று அன்றும் யாராவது புலம்பியிருப்பார்கள்.

சென்டர் ஹாஃப்:

அட்டை பற்றிப் பேசும்போது 2006 உலகக்கோப்பையின் ஸ்டுட்கார்ட் ஆட்டத்தை விட முடியுமா? குரோஷியா–ஆஸ்திரேலியா. நடுவர் கிரஹாம் போல் ஒரே ஆட்டக்காரருக்கு, குரோஷியாவின் ஷிமுனிச்சுக்கு, மூன்று மஞ்சள் அட்டை காட்டினார். இரண்டாவதிலேயே வெளியேற்றியிருக்க வேண்டும். ஷிமுனிச் ஆஸ்திரேலியாவில் பிறந்து வளர்ந்தவர், அந்த ஊர் உச்சரிப்பில் பேசுகிறவர். இரண்டாவது மஞ்சளை ஆஸ்திரேலியாவின் மூன்றாம் எண் ஆட்டக்காரர் பெயரில் குறித்துக்கொண்டார் நடுவர். ஷிமுனிச் அணிந்திருந்ததும் மூன்றாம் எண்தான்.

துணை நடுவர் இருவர், நான்காம் நடுவர் ஒருவர், யாரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

வடமராட்சியான்:

எனக்குப் பிடித்த மத்தியஸ்தர் ஜாக் டெய்லர். இங்கிலாந்தின் வூல்வர்ஹாம்ப்டனில் இறைச்சிக்கடைக்காரர். 1974 உலகக்கிண்ண இறுதியாட்டம், மியூனிக். நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி. ஆட்டம் தொடங்கப்போகும் நேரம் சுற்றிப் பார்க்கிறார். மூலைக் கொடிகளைக் காணவில்லை. நிறைவு விழாவுக்காகப் பிடுங்கியவர்கள் திரும்ப நடவில்லை. உலகமே தொலைக்காட்சி முன்னால் காத்திருக்க, கொடிகளை நடவைத்த பிறகே தொடங்கினார்.

தொடங்கியதும் நெதர்லாந்து பந்தைத் தங்களுக்குள்ளேயே கடத்திக்கொண்டு போகிறது. ஜெர்மானியர் ஒருவர் காலிலும் பந்து படவில்லை. நெதர்லாந்தின் குரைஃப் கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டிப் பெட்டிக்குள் நுழைகிறார், விழுத்தப்படுகிறார். முதல் நிமிடம். ஜெர்மனியின் மண். டெய்லர் பெனால்டிப் புள்ளியைக் காட்டினார். உலகக்கிண்ண இறுதியாட்டத்தில் அதற்கு முன் யாரும் பெனால்டி கொடுத்ததே இல்லை. நெஸ்கென்ஸ் அடித்தார். பின்னர் ஜெர்மனிக்கும் ஒரு பெனால்டி கொடுத்தார். ஹோல்ட்சென்பைன் தானாக விழுந்தார் என்று டச்சுக்காரர் இன்றைக்கும் சொல்வார்கள். ஜெர்மனி 2-1 வென்றது.

சரியோ பிழையோ, ஒரு மனிதர் எடுத்த முடிவு. ஆளைப் பார்த்துத் திட்டலாம். திரைக்குப் பின்னால் அறையில் இருப்பவரை எப்படித் திட்டுவது?

பழைய கோல்போஸ்ட்:

ஒரு மனிதர் எடுத்த முடிவா? இரண்டு சம்பவங்களைப் பாருங்கள்.

1966 உலகக்கோப்பை இறுதியாட்டம். கூடுதல் நேரத்தில் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே குத்திவிட்டு வெளியே வந்தது. கோட்டைத் தாண்டியதா? சுவிஸ் நடுவர் காட்ஃப்ரீட் டீன்ஸ்டுக்குத் தெரியவில்லை. ஓரத்துக்கு ஓடிப் போய்க் கோடு நடுவர் தொஃபிக் பஹ்ராமோவிடம் கேட்டார். அவர் தலையசைத்தார். கோல். உலகக்கோப்பையின் மிகப் புகழ்பெற்ற தீர்ப்பு, கோட்டுக்கு வெளியே நின்றவர் கொடுத்தது. பாகுவில் தேசிய மைதானத்துக்கே அவர் பெயர் வைத்தார்கள், வாசலில் சிலையும் உண்டு. அவர் அஸர்பைஜான்காரர்; இங்கிலாந்தில் இன்றும் ரஷ்யக் கோடு நடுவர் என்றுதான் சொல்கிறார்கள்.

1986, மெக்சிகோவின் அஸ்டெகா மைதானம். இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா கையால் தட்டிப் போட்ட கோல். துனிசிய நடுவர் அலி பின் நாசர் பின்னால் வந்துகொண்டிருந்தார். தனக்குச் சரியாகத் தெரியாததால் பல்கேரியத் துணை நடுவர் போக்தன் தோச்செவைப் பார்த்தார். தோச்செவ் கொடியைத் தூக்கவில்லை. நடுக்கோட்டை நோக்கித் திரும்பினார். கோல். வெளியே இருந்தவரின் மௌனத்தால் வந்த முடிவு அது. 2015இல் மாரடோனா துனிசியாவுக்குப் போய் நடுவரைச் சந்தித்து, கையெழுத்திட்ட சட்டை கொடுத்தார். அந்த ஆட்டத்துப் பந்தை நடுவர் வைத்திருந்தார். 2022இல் ஏலத்தில் 20 லட்சம் பவுண்டுக்கு விற்றது. மொத்தக் கதையிலும் வெறுங்கையோடு போனது இங்கிலாந்து மட்டும்தான்.

2010 உலகக்கோப்பையில், புளூம்ஃபோன்டைனில் இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டுக்கு உள்ளே நன்றாகவே விழுந்ததை அரங்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். நடுவரும் துணை நடுவரும் பார்க்கவில்லை. கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு 2012இல் ஐ.எஃப்.ஏ.பி. பச்சைக்கொடி காட்டியதற்கு இந்த ஆட்டம் பெரிய காரணம். அதை ஏற்றுக்கொண்டீர்கள். அதற்கு ஒரு படி மேலே போய் வி.ஏ.ஆர். வந்தால் மட்டும் ஏன் கசக்கிறது?

கோமதி 11:

கசப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஐயா தம் வசதிக்கு ஒன்றை விட்டுவிட்டார்.

1880களின் ரெஃப்ரி, கேட்டால் சொல்வார். வி.ஏ.ஆர். யாரும் கேட்காமலேயே காதில் பேசுகிறது. பழைய முறையில் முறையீடு மைதானத்துக்குள்ளிருந்து வெளியே போனது. இப்போது தலையீடு வெளியிலிருந்து உள்ளே வருகிறது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

2018 மார்ச்சில் ஐ.எஃப்.ஏ.பி. அங்கீகரித்தபோது நான்கு வகை முடிவுகளுக்கு மட்டும் என்றார்கள்: கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு, ஆள் தெரியாமல் தவறானவருக்குக் காட்டிய அட்டை. வெளிப்படையான, தெளிவான பிழை இருந்தால் மட்டும் என்றார்கள். அந்த ஆண்டு உலகக்கோப்பை இறுதியாட்டத்தையே பாருங்கள். குரோஷியாவின் பெரிஷிச் கையில் பந்து பட்டது. அர்ஜென்டீன நடுவர் நெஸ்டர் பிட்டானா திரைக்குப் போனார், பார்த்தார், திரும்பினார். மனம் கேட்காமல் மறுபடியும் போய்ப் பார்த்தார். பிறகு பெனால்டி. இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்த ஒன்று எப்படி வெளிப்படையான பிழை? குரோஷியர்கள் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்றுவரை நேர்மையான பதில் வரவில்லை.

கோல் கோட்டுத் தொழில்நுட்பம் வேறு. பந்து தாண்டியதா இல்லையா என்பது அளவு. கை இயல்பான நிலையில் இருந்ததா என்பது அபிப்பிராயம். அபிப்பிராயத்தை ஸ்லோ மோஷனில் போட்டால் எல்லாமே குற்றமாகத் தெரியும்.

பழைய கோல்போஸ்ட்:

கேட்காமலேயே தலையிடுகிறது என்பது வலுவான பேச்சு, அம்மா. ஆனால் திரையைப் பார்த்த பிறகும் இறுதி முடிவு மைதானத்தில் இருப்பவருடையதுதான், ஐந்தாம் விதிப்படி. "என் முதல் முடிவே சரி" என்று சொல்லிவிட்டு வர அவருக்கு உரிமை உண்டு. திரைக்குப் போகிற நடுவர்கள் பெரும்பாலும் முடிவை மாற்றிக்கொண்டுதான் திரும்புகிறார்கள். அது இயந்திரத்தின் குற்றமா, மனிதர்களின் பயமா?

கோமதி 11:

அந்தப் பயத்தை உண்டாக்கியது எது என்று கேட்டால் மறுபடியும் இயந்திரத்திடம்தான் வந்து நிற்போம்.

எட்டாம் நம்பர்:

பயத்தைவிட மோசமானதும் உண்டு. ஜெர்மனியின் ராபர்ட் ஹாய்ட்சர். 2004இல் ஜெர்மன் கோப்பை ஆட்டத்தில் ஹாம்பர்க், சிறிய அணியான பாடர்போர்னிடம் 4-2 தோற்றது. நடுவர் சூதாட்டக் கும்பலிடம் காசு வாங்கியிருந்தார். 2005இல் சிறைத் தண்டனை. அவரைக் காட்டிக்கொடுத்தவர்கள் சக நடுவர்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எதற்கும் ஒரு கேமரா இருப்பது நல்லது.

மாவட்ட விசில்:

வி.ஏ.ஆர். உலகத்தின் ஆட்டங்களில் ஆயிரத்தில் ஒன்றில்கூட இல்லை என்பதையும் கொஞ்சம் நினைவில் வையுங்கள். எங்களுக்குத் துணை நடுவர் கிடைத்தாலே பெரிய விஷயம்.

மைதானத்துக்குப் போனதும் முதல் வேலை கோல் வலையைச் சுற்றிப் பார்ப்பது. கீழே ஓட்டை இருந்தால் சணல் கயிற்றால் கட்டச் சொல்வேன். இல்லையென்றால் பந்து உள்ளே போனதா பக்கவாட்டில் போனதா என்று பிறகு அடிதடி. அடுத்தது ஆட்டக்காரர்களை வரிசையாக நிறுத்திக் காலணியின் அடிப்பாகத்தைக் காட்டச் சொல்வது. பெரியவர் சொன்ன அந்த 13ஆம் விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. மோதிரம், கழுத்துச் சங்கிலி, காப்பு எல்லாம் கழற்றியாக வேண்டும். கோயில் கயிறு என்றால் வாக்குவாதம் நிச்சயம்.

மஞ்சள் அட்டை சட்டைப் பையில், சிவப்பு கால்சட்டையின் பின்பையில். அவசரத்தில் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்பதற்காகப் பலரும் செய்யும் ஏற்பாடு. ஓடுவது மூலைவிட்டமாக, ஒரு பெட்டியின் மூலையிலிருந்து எதிர்ப்பெட்டியின் எதிர்மூலைக்கு. பந்து எனக்கும் துணை நடுவருக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இந்த முறையைப் பரப்பியவர் ஸ்டான்லி ரௌஸ். 1934 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தின் நடுவர். பிறகு விதிகளைத் திருத்தி எழுதியவர். அதற்கும் பிறகு ஃபிஃபா தலைவர். துணை நடுவர் இல்லாத நாளில் மூலைவிட்டமும் கிடையாது, பந்தின் பின்னால் நாய்போல் ஓட வேண்டியதுதான்.

ஆஃப்சைடு தவிர வேறு எதற்கும் என்னை யாரும் திட்டியதாக நினைவில்லை. ஆஃப்சைடு மட்டும், கோலுக்குப் பின்னால் நின்று பார்க்கிற எல்லோருக்கும் என்னைவிட நன்றாகத் தெரிகிறது.

சென்டர் ஹாஃப்:

மாவட்ட நடுவரிலிருந்து உலகக்கோப்பை வரை போனவர் நம் ஊரிலேயே இருக்கிறார். கோமளீஸ்வரன் சங்கர், சென்னைக்காரர். 2002இல் கொரியா–ஜப்பான் உலகக்கோப்பையில் துணை நடுவர். இந்திய அணி இதுவரை எட்டாத இடத்தில் கொடி பிடித்து நின்றவர். அவர் பெயர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கோமதி 11:

திண்டுக்கல் ரூபாதேவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரராக இருந்து நடுவராகி ஃபிஃபா பட்டியலுக்குப் போனவர்.

ஆண்கள் உலகக்கோப்பை ஆட்டம் ஒன்றைப் பெண் நடத்த 2022 டிசம்பர் 1 வரை ஆனது. கோஸ்டாரிகா–ஜெர்மனி. பிரான்ஸின் ஸ்டெஃபனி ஃப்ரப்பார் நடுவர். பிரேசிலின் நியூசா பாக், மெக்சிகோவின் கரேன் தியாஸ் துணை நடுவர்கள். ஆறு கோல் விழுந்த ஆட்டம். மறுநாள் நடுவரைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. ஜெர்மனி வெளியேறியதைப் பற்றித்தான் பேசினார்கள்.

எட்டாம் நம்பர்:

மாவட்ட விசில் சாருக்கு ஒரு கேள்வி. கோல்கீப்பர் பந்தை எட்டு விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிக் என்று 2025இல் விதி மாறியதே. யார் எண்ணுவது? துணை நடுவரா?

மாவட்ட விசில்:

நடுவர்தான் எண்ண வேண்டும். கடைசி ஐந்து விநாடியைக் கையைத் தூக்கி விரல்களால் காட்ட வேண்டும், கோல்கீப்பருக்கும் தெரியும்படி. முன்பு ஆறு விநாடி. தண்டனை பெட்டிக்குள்ளேயே இன்டைரக்ட் ஃப்ரீ கிக். அதைக் கொடுத்தால் பதினொரு பேரும் கோல் கோட்டில் வந்து சுவராக நிற்பார்கள், பத்து நிமிடம் வீணாகும் என்பதால் பெரும்பாலான நடுவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. கார்னர் என்றால் கொடுப்பது எளிது.

எங்கள் பக்கத்துப் பையன்களில் பலருக்கு மாற்றம் வந்ததே தெரியாது. டாஸ் போடும்போது இரண்டு கோல்கீப்பர்களையும் கூப்பிட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.